வானை நோக்கும் நிலையங்கள்

பண்டைக் காலத்துக் கடலோடிகள் இரவில் வானத்தை நோக்கி வழி அறிந்தனர். வடமீன் நின்ற திசையே அவர்களுக்கு வழிகாட்டியாய் அமைந்தது. மேகம் வானை மூடிய இரவில் அவர்கள் செய்வதறியாது திகைத்தனர். இன்றோ மனிதன் தானே செய்த மீன்களை வானில் ஏற்றி வைத்திருக்கின்றான். அவையே செயற்கைக்கோள்கள். கடலில் செல்லும் கப்பலும், விண்ணில் பறக்கும் வானூர்தியும், நோயாளியை ஏற்றி விரையும் ஊர்தியும் இவற்றின் துணையால் தாம் நிற்கும் இடத்தை அறிகின்றன. மேகம் இவற்றின் அலைகளை மறைப்பதில்லை.

ஆயினும், வடமீனுக்கும் இவற்றுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. வடமீன் நம் கண்ணுக்கு இடம் பெயராமல் நிற்பதுபோல் தோன்றுகின்றது. வழிகாட்டும் செயற்கைக்கோளோ நொடிக்கு ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் விரைவில் ஓடிக்கொண்டே இருக்கின்றது. ஓடும் பொருளைக் கொண்டு நாம் நிற்கும் இடத்தை அறிய வேண்டுமாயின், அப்பொருள் அந்த நொடியில் எங்கே இருக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும் அன்றோ? உலகிற்கு வழிகாட்டும் கோள்களையே கண்காணிப்பவர் யார்? அவர்கள் கண்ட செய்தி எவ்வழியே உலகிற்கு வந்து சேர்கின்றது? அவ்வழி அடைபட்டால் யாது நேரும்? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

வானிலிருந்து வரும் செய்தி

அமெரிக்க நாட்டின் ஜி.பி.எஸ். என்னும் அமைப்பு 1995ஆம் ஆண்டில் முழுமை எய்தியது. உருசிய நாட்டிற்குக் குளோநாசு, ஐரோப்பாவிற்குக் கலிலியோ, சீனத்திற்குப் பெய்டோ, இந்தியாவிற்கு நாவிக் எனப் பிற அமைப்புகளும் உள்ளன. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நிலத்திற்கு மேல் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன. ஏறத்தாழப் பன்னிரண்டு மணிநேரத்தில் உலகை ஒருமுறை சுற்றி வருகின்றன.

ஒவ்வொரு கோளிலும் அணுக்கடிகாரம் உண்டு. அது காட்டும் நேரத்தைக் கோள் இடைவிடாமல் அலைகளாக அனுப்புகின்றது. அலை புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டால், கோள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது புலனாகும். நான்கு கோள்களின் தொலைவை இவ்வாறு அறிந்தால், நிற்பவனுடைய இடத்தையும் அவன் கருவியில் உள்ள கடிகாரத்தின் பிழையையும் ஒருங்கே கணக்கிடலாம்.

இக்கணக்கில் சிறு பிழையும் பெருங்கேடு விளைக்கும். ஒளியும் வானொலி அலையும் ஒரு நொடியில் ஏறக்குறைய மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்கின்றன. ஆகவே, கடிகாரம் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிழைத்தாலும், தொலைவு முப்பது சென்டிமீட்டர் பிழைத்துவிடும். நூறு கோடியில் ஒரு பங்கு என்பதை நம் மனம் எண்ணியும் பார்க்க இயலாது. எனினும், அறிவியல் அதனை அளந்து காட்டுகின்றது.

நிலையத்தின் தோற்றமும் தொழிலும்

கோள்களை நடத்தும் நாடுகள் தத்தம் கோள்களைத் தாமே கண்காணிக்கின்றன. அவற்றிற்கு மேலாக, மிக நுண்ணிய அளவை வேண்டும் அறிவியலறிஞர்கள் உலகெங்கும் நோக்கு நிலையங்கள் பலவற்றை அமைத்துள்ளனர். இந்நிலையம் பெரிய மாளிகை அன்று. உறுதியான பாறையிலோ ஆழமான அடித்தளத்திலோ நிறுவப்பட்ட தூண் ஒன்று. அதன் உச்சியில் வட்டத் தட்டுப் போன்றதோர் ஆண்டெனா. அதனின்று செல்லும் கம்பி. கம்பியின் மறுமுனையில் கோளின் அலையை ஏற்று எழுதிக்கொள்ளும் கருவி. இவையே அதன் உறுப்புகள். தூண் அசையாமல் நிற்க வேண்டும். அதைச் சுற்றி மரமோ சுவரோ வானை மறைத்தல் ஆகாது.

இக்கருவி இரவு பகல் பாராமல் உழைக்கின்றது. முப்பது நொடிக்கு ஒருமுறை, தன் கண்ணுக்குத் தென்படும் கோள்கள் அனைத்தின் அலைகளையும் அளந்து எழுதிக்கொள்கின்றது. ஒரு மணிநேரத்திற்கு 120 அளவீடுகள். ஒரு நாளைக்கு 2,880 அளவீடுகள். இவற்றையே தரவுகள் என்பர். சில நிலையங்கள் நொடிக்கு ஒருமுறையும் அளக்கின்றன.

ஒரு நிலையம் தனித்து நின்றால் அதன் பயன் சிறிது. பல நிலையங்கள் ஒன்றுகூடினால் பயன் பெரிது. ஆகவே, 1994ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளன்று பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று முறையாகத் தன் பணியைத் தொடங்கியது. அதனை ஐ.ஜி.எஸ். என்று சுருக்கமாகக் கூறுவர். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலுள்ள நிறுவனங்கள் இதில் விரும்பிச் சேர்ந்து பணிபுரிகின்றன. இதன் வலையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்திலும் இவ்வலையைச் சேர்ந்த நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. ஐரோப்பாவில் யூரெப் என்னும் அமைப்பு தனியே ஒரு நிலையான வலையை நடத்துகின்றது. அதன் நடுவண் அலுவலகம் பெல்ஜியம் நாட்டின் பிரசல்சு நகரிலுள்ள அரச வானாய்வகத்தில் 1996ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது.

பலர் கூடினால் பொதுமொழி வேண்டும்

பலர் கூடிச் செய்யும் வேலையில் பொதுமொழி இன்றியமையாதது. தொடக்கத்தில் ஒவ்வொரு தொழிற்சாலையும் தான் செய்த கருவியில் தனக்கே உரிய முறையில் தரவுகளை எழுதி வைத்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலவில்லை. 1989ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் பெரியதோர் அளவைப் பணி நடந்தபோது, நான்கு வகையான கருவிகள் அறுபதுக்கு மேல் பயன்பட்டன. அவற்றின் தரவுகளை ஒன்றுசேர்க்கும் பொருட்டு, சுவிட்சர்லாந்து நாட்டின் பெர்ன் பல்கலைக்கழக வானியல் கழகத்தார் பொது எழுத்துமுறை ஒன்றை வகுத்தனர். ரைனெக்சு எனப்படும் அம்முறை, காலத்திற்கேற்பத் திருத்தங்கள் பெற்று, இன்றும் உலகெங்கும் வழங்கி வருகின்றது.

தரவுகளை எழுதிய கோப்பு பெரிதாயிருப்பின் அனுப்புதல் அரிதாகும். சப்பான் நாட்டு அறிஞர் யூகி ஹாடனாகா இதற்கு எளியதொரு வழி கண்டார். முப்பது நொடிக்கு முன் எழுதிய எண்ணுக்கும் இப்போது எழுதும் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு சிறிதே. முழு எண்ணையும் திரும்ப எழுதாமல் வேறுபாட்டை மட்டும் எழுதினால் கோப்பு சுருங்கிவிடும் அன்றோ? பெறுபவர் வேறுபாடுகளைக் கூட்டிப் பழைய எண்களைத் திரும்பப் பெறலாம். இம்முறையால் ஓர் எண்ணும் இழக்கப்படுவதில்லை.

கோப்பின் பெயரிலும் ஒழுங்கு உண்டு. நிலையத்தின் குறியீடு, நாடு, ஆண்டு, அவ்வாண்டின் எத்தனையாவது நாள், தொடங்கிய மணி, கோப்பு அடக்கிய காலம், அளவீடுகளுக்கு இடைப்பட்ட காலம் ஆகிய யாவும் பெயரிலேயே அடங்கும். பிப்ரவரித் திங்கள் முதல் நாளுக்குரிய கோப்பில் 32 என்னும் எண் இருக்கும். ஆகவே, 31ஆம் நாளின் கோப்பும் 33ஆம் நாளின் கோப்பும் இருந்து 32ஆம் நாளின் கோப்பு இல்லையாயின், விடுபட்டது இன்னது என்பதைப் பார்த்தவுடன் அறியலாம். பின்னர்க் கூறப்போகும் காப்பு முறைகளுக்கெல்லாம் இவ்வொழுங்கே அடிப்படையாகும்.

எதற்கு இத்துணை முயற்சி?

இத்தரவுகளால் விளையும் பயன்கள் பல. முதலாவது, கோள்களின் பாதையைச் சில சென்டிமீட்டர் அளவிற்குப் பிழையின்றிக் கணக்கிடலாம். இரண்டாவது, நிலத்தின் அசைவை அறியலாம். நாம் அசையாதது என்று எண்ணும் நிலம் உண்மையில் நகர்ந்துகொண்டே இருக்கின்றது. ஐரோப்பா அடங்கிய நிலத்தட்டு ஆண்டிற்கு ஏறக்குறைய இரண்டரைச் சென்டிமீட்டர் நகர்கின்றது. பத்தாண்டுகளில் இருபத்தைந்து சென்டிமீட்டர் ஆகின்றது. இதனைக் கணக்கில் கொள்ளாவிடின் நிலவரைபடமும் எல்லைக்கல்லும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகும்.

சில வேளைகளில் நிலம் மெல்ல நகராமல் திடீரெனப் பாய்வதும் உண்டு. 2011ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் சப்பானில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. ஒசிகா தீவக்குறையில் இருந்த நோக்கு நிலையம் ஐந்து மீட்டருக்கு மேல் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தது. ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்தும் போயிற்று. அந்நாட்டில் பரவி நின்ற ஆயிரத்திற்கு மேற்பட்ட நிலையங்களின் தரவுகளே நிலம் எவ்வாறு பெயர்ந்தது என்பதை உலகிற்கு உணர்த்தின.

மூன்றாவது பயன் வானிலை பற்றியது. கோளின் அலை நிலத்தை அடையுமுன் காற்றிலுள்ள நீராவியால் சிறிது தாமதப்படுகின்றது. அத்தாமதத்தை அளந்தால் காற்றில் நீராவி எவ்வளவு என்பது தெரியும். மழையை முன்னறிந்து கூற அது துணைபுரியும். ஆனால், நேற்றைய நீராவியை இன்று அறிந்து பயன் என்ன? ஐரோப்பிய வானிலைத் துறையினர் அளவீடு முடிந்த ஏறக்குறைய ஒன்றரை மணிநேரத்திற்குள் கணக்கிட்ட முடிவை எதிர்பார்க்கின்றனர். ஆகவே, தரவு இருந்தால் மட்டும் போதாது. உரிய நேரத்தில் வந்து சேரவும் வேண்டும்.

வழங்கி நின்றால்?

நிலையங்கள் தம் தரவுகளைத் தரவு மையங்களுக்கு இணையத்தின் வழியாக அனுப்புகின்றன. அங்கே வருவனவற்றை ஏற்றும், கேட்போர்க்குக் கொடுத்தும் பணிபுரியும் கணினியைச் சர்வர் என்பர். தமிழில் வழங்கி என்று கூறலாம். அறிஞர் ஒருவர் நூறு நிலையங்களின் தரவுகளை வேண்டினால், நூறு ஊர்களின் கதவைத் தட்ட வேண்டுவதில்லை. ஒரு வழங்கியை அணுகினாற் போதும். இஃது ஒரு பெரும் வசதி. ஆனால், அவ்வசதியிலேயே ஓர் இடரும் மறைந்திருக்கின்றது. ஆற்றின் மேல் ஒரே பாலம் இருந்தால் ஊரார் அனைவரும் அதன் வழியே செல்வர். வெள்ளம் அப்பாலத்தை அடித்துச் சென்றால் ஊரார் அனைவரும் ஒருசேர வருந்துவர்.

வழங்கி பல காரணங்களால் நிற்கக்கூடும். மின்சாரம் தடைப்படலாம். தரவைத் தாங்கும் தட்டு பழுதாகலாம். குளிரூட்டும் பொறி நின்று கணினி வெப்பமடையலாம். நெடுந்தொலைவுக் கம்பி அறுபடலாம். தீயோர் இணையத்தின் வழியே புகுந்து கேடு செய்யலாம். பழைய கணினியை நீக்கிப் புதியதை வைக்கும்பொழுது பணியாளரே சில மணிநேரம் அதனை நிறுத்தவும் நேரிடும்.

தீயினால் நேர்ந்த இழப்பு ஒன்றைக் காண்போம். 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், பிரான்சு நாட்டின் இசுட்ராசுபர்க்கு நகரில் ஐந்து மாடித் தரவு மையம் ஒன்று தீப்பற்றி எரிந்து அழிந்தது. உயிர்ச்சேதம் ஏதும் இல்லை. ஆயினும், பல இலட்சம் இணையத்தளங்கள் ஒரே இரவில் மறைந்தன. வேறோர் ஊரில் படி எடுத்து வைத்திருந்தோர் விரைவில் மீண்டனர். படியையும் அந்த இடத்திலேயே வைத்திருந்தோர் மூலத்தையும் படியையும் ஒருங்கே இழந்தனர். கருவூலத்தின் மாற்றுச் சாவியைக் கருவூலத்துள்ளேயே வைத்துப் பூட்டினால் யாது பயன்?

வானில் கோள்கள் நன்றாகப் பறந்துகொண்டிருக்கும்போதே நிலத்தில் நேரும் பழுதினால் பணி நின்றுபோதலும் உண்டு. 2019ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஐரோப்பாவின் கலிலியோ அமைப்பு ஏறக்குறைய ஒரு வார காலம் இடமும் நேரமும் அறிவிக்கும் பணியைச் செய்ய இயலாமற் போயிற்று. கோள்களில் குறையில்லை, கோள்களின் நேரத்தையும் பாதையையும் கணக்கிடும் நிலத்துக் கருவிகளிலேயே பழுது நேர்ந்தது. ஆயினும், மக்கள் கையிலிருந்த கருவிகள் பல, ஜி.பி.எஸ். முதலிய பிற கோள்களின் அலையையும் ஏற்கவல்லனவாக இருந்தன. அதனால் பெரும்பாலோர் வழி தவறவில்லை. இரண்டாவது துணை முன்னரே ஆயத்தமாக இருந்ததன் பயன் இது.

மாற்று வழிகள்

வழங்கி நிற்கும் காலத்தில் தரவு அழியாமலும் தாமதமாகாமலும் காக்க அறிஞர்கள் பல வழிகளைக் கையாள்கின்றனர். அவற்றை ஒவ்வொன்றாய்க் காண்போம்.

முதல் காவல் நிலையத்திலேயே உள்ளது. ஏற்புக்கருவி தான் அளந்ததை அனுப்பியவுடன் அழித்துவிடுவதில்லை. தன் நினைவகத்தில் பல நாள்கள் வைத்துக்கொள்கின்றது. ஆகவே, வழங்கி நின்றாலும் கம்பி அறுந்தாலும் அளவீடு நிற்பதில்லை. உழவர் விளைந்த நெல்லைச் சந்தைக்கு அனுப்ப வழியில்லாத நாளில் பத்தாயத்தில் இட்டு வைப்பது போன்றது இது. நிலையத்திற்கு வரும் மின்சாரம் நின்றால் மின்கலம் கைகொடுக்கின்றது.

இரண்டாவது காவல், ஒன்றுக்கு மேற்பட்ட தரவு மையங்கள். ஐரோப்பிய வலைக்கு ஜெர்மனியின் பிராங்பர்ட்டு நகரில் ஒரு மையமும், ஆசுதிரியாவின் வியன்னா நகரில் ஒரு மையமும் உள்ளன. முன்னையதை ஜெர்மனியின் நிலவரை, புவியளவைத் துறையும், பின்னையதை ஆசுதிரியாவின் அளவைத் துறையும் நடத்துகின்றன. இரண்டும் வேறு நாடுகளில், வேறு அலுவலர்களின் பொறுப்பில் இயங்குகின்றன. ஒரு நகரில் மின்சாரம் நின்றால் மற்றொன்று அதனால் தாக்குறாது. பன்னாட்டு வலைக்கும் இவ்வாறே பல மையங்கள் உள்ளன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கொடார்டு விண்வெளி மையத்தில் 1982ஆம் ஆண்டில் தோன்றிய தரவகம் அவற்றுள் ஒன்று. சான் டியேகோ, பாரிசு முதலிய இடங்களில் பிற மையங்கள் உள்ளன.

ஒரு நாள் பிற்பகலில் பிராங்பர்ட்டு வழங்கி ஆறு மணிநேரம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிலையத்துக் கணினி மணிக்கோப்பை அனுப்ப முயல்கின்றது, மறுமொழி இல்லை. சிறிது பொறுத்து மீண்டும் முயல்கின்றது, அப்பொழுதும் இல்லை. உடனே அக்கோப்பை வியன்னாவிற்கு அனுப்புகின்றது. தரவு வேண்டும் அறிஞரின் கணினியிலும் இரண்டு முகவரிகள் முன்னரே எழுதப்பட்டுள்ளன. முதல் முகவரியில் கதவு திறவாததால் அது இரண்டாவது முகவரிக்குச் செல்கின்றது. வானிலைக் கணக்கு அன்று மாலையும் தடையின்றி நடைபெறுகின்றது. ஆறு மணிநேரம் கழித்துப் பிராங்பர்ட்டு வழங்கி விழித்தெழும்போது, அனுப்பப்படாமல் நின்ற ஆறு கோப்புகளும் நிலையத்தில் வரிசையாய்க் காத்திருக்கின்றன. கணினி அவற்றைப் பழையது முதலாக ஒவ்வொன்றாய் அனுப்பி இடைவெளியை நிரப்புகின்றது. நாள் முடிந்ததும் 2,880 அளவீடுகளும் அடங்கிய நாட்கோப்பு நினைவகத்திலிருந்து உருவாகி இரு மையங்களையும் அடைகின்றது. ஆறு மணிநேரத் தடையின் வடு அதில் இல்லை.

மூன்றாவது காவல், வந்ததைச் சரிபார்த்தல். வழங்கி தள்ளாடும் வேளையில் கோப்பு பாதியில் அறுபட்டுப் போதல் உண்டு. பாதிக் கோப்பை முழுக் கோப்பு என்று நம்புதல் கோப்பே இல்லாமையினும் தீது. ஆகவே, அனுப்புவோர் கோப்பிலுள்ள எழுத்துகள் அனைத்தையும் கொண்டு ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு உடன் வைக்கின்றனர். பெறுவோரும் அவ்வாறே கணக்கிடுகின்றனர். இரண்டும் ஒத்தால் ஏற்பர்; ஒவ்வாவிடின் மீண்டும் கேட்பர். பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை எழுதும் கணக்கரின் வழக்கத்தை இஃது ஒத்தது.

காலத்திற்கேற்ற காப்பு

எல்லாத் தரவிற்கும் ஒரே வகையான காப்பு பொருந்தாது. கோள்களின் பாதையைப் பன்னாட்டு அமைப்பு மூவகையாகக் கணக்கிட்டு வெளியிடுகின்றது. மிக விரைவான கணக்கு நாளொன்றுக்கு நான்குமுறை வெளிவரும். விரைவான கணக்கு நாள் முடிந்து ஏறக்குறைய 17 மணிநேரத்தில் வெளிவரும். இறுதிக் கணக்கோ 12 முதல் 18 நாள்கள் கழித்தே வெளிவரும். இறுதிக் கணக்கிற்கு உரிய கோப்பு ஒரு நாள் பிந்தி வந்தாலும் குற்றமில்லை. நினைவகத்தில் இருந்தாற் போதும். மிக விரைவான கணக்கிற்கு ஒருசில மணிநேரத் தாமதமும் இழப்பே. அதற்கு இரண்டாவது மையம் உடனே கைகொடுத்தல் வேண்டும்.

இவற்றினும் அவசரமானது நிகழ்நேரத் தரவு. அளந்த சில நொடிகளுக்குள் அது பயனாளரை அடைய வேண்டும். ஆற்றுநீர் போல் ஓடிக்கொண்டே இருக்கும் இத்தரவை இணையத்தில் அனுப்பும் முறையைப் பிராங்பர்ட்டு மையத்தார் உருவாக்கினர். 2004ஆம் ஆண்டில் அது பொதுமுறையாக ஏற்கப்பட்டது. ஐரோப்பிய வலையில் இத்தரவை வாங்கிப் பலர்க்கும் பரப்பும் இடங்கள் மூன்று: பிராங்பர்ட்டு, பிரசல்சு, இத்தாலியின் மத்தேரா. ஓடிவிட்ட நொடியைத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. ஆதலின், இங்கே வழி அடைபட்ட பின் மாற்று வழி தேடுதல் கூடாது. இரு வழிகளும் எப்பொழுதும் திறந்தே இருத்தல் வேண்டும். ஒன்றில் ஓட்டம் நின்றால் பயனாளர் அந்நொடியே மற்றொன்றுக்கு மாறிக்கொள்வர்.

காப்பிற்கும் காப்பு

மாற்று வழி இருந்தால் மட்டும் போதுமோ? போதாது. அது நேர்வழியை முற்றும் ஒத்ததாக இருத்தல் வேண்டும். ஒரு நிலையத்தார் ஆண்டெனாவை மாற்றிவிட்டு, கோப்பின் தலைப்பில் பழைய ஆண்டெனாவின் பெயரையே எழுதிவிட்டனர் என்று கொள்வோம். பின்னர்ப் பிழையை உணர்ந்து திருத்திய கோப்பை ஒரு மையத்திற்கு மட்டும் அனுப்பினால் யாது நேரும்? ஒரே நிலையம், ஒரே நாள்; ஆனால், ஓரிடத்தில் ஒன்றும் மற்றோரிடத்தில் வேறொன்றுமாக இரு சான்றுகள் நிற்கும். இங்கு எடுத்தவர்க்கு ஒரு விடையும், அங்கு எடுத்தவர்க்கு மற்றொரு விடையும் கிடைக்கும். எது மெய் என்று பிற்காலத்தார் எவ்வாறு அறிவர்? ஆகவே, திருத்தம் எல்லா மையங்களையும் சேர வேண்டும். மையங்களும் தத்தம் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. பல ஆண்டுகள் பயன்படாமற் கிடந்த மாற்று வழி வேண்டிய நாளில் திறவாமற் போகலாம். கடவுச்சொல் மாறியிருக்கும், முகவரி மாறியிருக்கும், அறிந்த பணியாளர் ஓய்வு பெற்றிருப்பார். தரவு மையங்கள் தம் முறைகளையும் காலத்திற்கேற்ப மாற்றிக்கொள்கின்றன. மேரிலாந்து தரவகம், எவரும் பெயர் கூறாமல் வந்து தரவு எடுத்துச் செல்லும் பழைய முறையை 2020ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் இறுதியில் நிறுத்திவிட்டு, காப்புமிக்க புதிய முறைக்கு மாறியது. பழைய முறையையே நம்பி எழுதிய கணினிக் கட்டளைகள் அன்றோடு பயனற்றுப் போயின. முன்னறிவிப்பைப் படித்துத் தம் கட்டளைகளைத் திருத்திக்கொண்டோர் இடையூறு அடையவில்லை. எனவே, வழங்கி நன்றாய் இருக்கும் நாளிலேயே மாற்று வழியை அவ்வப்போது நடத்திப் பார்த்தல் அறிவுடைமை. வழங்கியை நிறுத்த நேர்ந்தால், எந்நாள், எத்துணை நேரம் என்பதை முன்கூட்டி அனைவர்க்கும் அறிவித்தலும் மையத்தாரின் கடமையாகும்.

முடிவுரை

உலகின் ஒரு கோடியில், பனியிலும் வெயிலிலும் ஒரு தூண் நிற்கின்றது. அதன் மேலுள்ள கருவி முப்பது நொடிக்கு ஒருமுறை வானைப் பார்த்து எழுதுகின்றது. அது எழுதும் ஒவ்வோர் எண்ணும் அந்நொடிக்கே உரியது. போன நொடியின் வானை எவராலும் மீண்டும் அளக்க இயலாது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் அறிஞர் ஒருவர் நிலத்தட்டின் நகர்வை ஆராயும்போது, இன்றைய எண்கள் அவருக்கு வேண்டியிருக்கும். அவற்றை அவர் கையில் சேர்க்கும் பொறுப்பு இன்று அந்நிலையத்தைக் காக்கும் பணியாளரைச் சேர்ந்தது. அவர் பெயரை உலகம் அறியாது. ஊர்தி ஓட்டுபவரும் கப்பல் செலுத்துபவரும் அவரை நினைப்பதில்லை. ஆயினும், வழங்கி நின்ற இரவில் அவர் விழித்திருந்து, கோப்புகள் மாற்று வழியே சென்று சேர்ந்தனவா என்று எண்ணிப் பார்க்கின்றார்.

இடையூறு வாராமற் காத்தல் எப்பொழுதும் நம்மால் ஆவதன்று. இடையூறு வந்தபோதும் பணி நில்லாதவாறு முன்னரே ஏற்பாடு செய்துகொள்ளுதல் நம்மால் ஆகும். எந்நாட்டவராயினும் தாம் கண்டதைப் பிறர்க்கும் வழங்குதல், வழங்கியதை இரண்டிடத்தில் பேணுதல், பேணியதைச் சரிபார்த்தல் ஆகிய மூன்றும் கூடியதாலேயே வானை நோக்கும் நிலையங்கள் உலகின் பொதுச் சொத்தாய் விளங்குகின்றன.

வினாக்கள்

1. வடமீனைக் கொண்டு வழி அறிதற்கும் செயற்கைக்கோளைக் கொண்டு இடம் அறிதற்கும் உள்ள வேறுபாடு யாது?

2. நோக்கு நிலையத்தின் உறுப்புகளையும் அதன் தொழிலையும் விளக்குக.

3. நிலையங்களின் தரவுகளால் விளையும் பயன்கள் மூன்றனைச் சான்றுடன் எழுதுக.

4. ‘கருவூலத்தின் மாற்றுச் சாவியைக் கருவூலத்துள்ளேயே வைத்துப் பூட்டினால் யாது பயன்?’ இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

5. இறுதிக் கணக்கிற்குரிய தரவிற்கும் நிகழ்நேரத் தரவிற்கும் வெவ்வேறு வகையான காப்பு வேண்டுவது ஏன்?

6. உங்கள் பள்ளி நூலகத்தின் நூற்பட்டியல் ஒரே ஏட்டில் மட்டும் உள்ளது எனக் கொள்க. அதனைக் காக்க நீவிர் செய்யத்தக்க ஏற்பாடுகளைப் பத்து வரிகளில் எழுதுக.